தமிழ் வசனத்தைப் பின்னாலிருந்து வாசியுங்கள்: ஆங்கிலச் சொல்லொழுங்கும் இன், ஒன், அட்டும் பழகும் வழி

வெளிநாட்டுப் படிப்புக்கும் விசாவுக்கும் கேட்கிற ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலச் சோதனையை நான் இரண்டு தரம் எழுதினேன். முதல் தரம் எழுத்தில் 9க்கு 5.5. எனக்குத் தேவைப்பட்டது 6.5. எட்டு மாதம் ரியூட்டரிக்குப் போய், காலங்களின் அட்டவணை முழுவதையும் பாடமாக்கி வைத்திருந்தேன். அதில் நான் வழுக்கவே இல்லை. பேச்சுச் சோதனையில் படிப்பைப் பற்றிக் கேட்டபோது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "ஐ ஸ்டடிட் வெரி ஹார்ட்லி" என்று சொன்னேன். கஷ்டப்பட்டுப் படித்தேன் என்று சொல்ல நினைத்தது, படிக்கவே இல்லை என்ற மாதிரிப் போய்ச் சேர்ந்தது. கேட்டல் பகுதியில் வரைபடம் வந்தது. "ஒப்பசிட்" என்று காதில் விழ, நான் கட்டடத்தின் முன்வாசலில் புள்ளடி போட்டேன். அது வீதிக்கு மற்றப் பக்கம்.

இரண்டாம் தரத்துக்கு முன்னம் ரியூட்டரியை விட்டேன். எங்கள் ஒழுங்கையிலேயே ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர் ஒருவர் இருக்கிறா. அவ என் கொப்பியைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னா: "தம்பி, உமக்கு இலக்கணம் தெரியும். நீர் தமிழை முன்னாலிருந்து மொழிபெயர்க்கிறீர். பின்னாலிருந்து செய்து பாரும்." கீழே இருப்பது அந்த ஒரு வரியை வைத்து எட்டுக் கிழமை நான் பழகிய முறை.

ஒரு விடயம். ஆங்கில உதாரணங்களை வேண்டுமென்றே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். இவற்றை முதலில் வாயால் சொல்லிப் பழகுங்கள். கொப்பியில் எழுதும்போது ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்.

1. முதல் மூன்று நாள்: உங்கள் பிழையை நீங்களே பிடியுங்கள்

புத்தகம் வாங்க ஓடாதீர்கள். 80 பக்கக் கொப்பி ஒன்றும் கைத்தொலைபேசியும் காணும். உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்ராண்டுக்கு எப்படிப் போவது என்று இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் கதைத்துப் பதிவுசெய்யுங்கள். அடுத்த நாள் அதைக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். திருத்தக் கூடாது. மூன்றாம் நாள் சிவப்புப் பேனையோடு இருந்து மூன்றே மூன்று பிழைகளைத் தேடுங்கள்: வினைச்சொல் வசனக் கடைசிக்குப் போன இடம், வினையடை தவறான இடத்தில் இருந்த இடம், இன், ஒன், அட் மாறின இடம்.

என்னுடைய இரண்டு நிமிடத்தில் 19 சிவப்பு வட்டம் விழுந்தது. அதில் 11 "இன்". எல்லா இடத்துக்கும் "இன்" போட்டிருந்தேன். ஏன் என்பது நாலாம் படியில்.

2. வசனத்தைத் திருப்பிப் போடுங்கள்

தமிழில் "மாடு அம்மம்மாவை இடித்தது" என்றாலும், "அம்மம்மாவை மாடு இடித்தது" என்றாலும் விழுந்தது அம்மம்மாதான். "ஐ" என்ற உருபு அவவோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் சொல்லை எங்கே தூக்கி வைத்தாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை. சொல் நிற்கிற இடம்தான் உருபு. "த கவ் ஹிட் அம்மம்மா" என்பதைத் திருப்பி "அம்மம்மா ஹிட் த கவ்" என்றால், மாட்டுக்குத்தான் மருந்து கட்ட வேண்டும்.

இப்போது ரீச்சரின் வித்தை. இந்த வசனத்தைப் பாருங்கள்:

அவள் நேற்று கோயிலில் வடிவாய்ப் பாடினாள்.

எழுவாயை முன்னுக்கே விடுங்கள். மிச்சத்தைக் கடைசியிலிருந்து வாசியுங்கள்: பாடினாள், வடிவாய், கோயிலில், நேற்று. அப்படியே ஆங்கிலம்: "ஷி சாங் பியூட்டிஃபுலி அட் த டெம்பிள் யெஸ்டர்டே." எப்படி, எங்கே, எப்போது. புத்தகங்கள் ஒரு பக்கம் எடுத்துச் சொல்லும் ஒழுங்கு இதுதான்.

இன்னொன்று: "நான் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன்." திருப்பினால்: "ஐ வென்ட் டு கொலம்போ பை பஸ் ஒன் ஃப்ரைடே." போதல், வருதல் போன்ற வினைகளுக்குப் பக்கத்தில் இடம் வந்து உட்காரும் என்று தனி விதி படிப்பிப்பார்கள். தமிழில் நாங்கள் ஏற்கனவே அப்படித்தான் சொல்கிறோம், மறுபக்கமாக.

விலாசமும் அதே கதை. நாங்கள் பெரியதிலிருந்து சின்னதுக்கு வருவோம்: நல்லூரில், கோயில் வீதியில், ஒரு வீட்டில். அவர்கள் சின்னதிலிருந்து பெரியதுக்குப் போவார்கள்: "இன் எ ஹவுஸ் ஒன் டெம்பிள் ரோட் இன் நல்லூர்." "மேசைக்கு மேலே" என்பதில் மேலே பின்னால் வருகிறது, "ஒன் த டேபிள்" என்பதில் முன்னால் வருகிறது. பள்ளிக்கூடத்தில் முன்னிடைச்சொல் என்று சொல்லித் தந்த பெயரின் அர்த்தம் எனக்கு 24 வயதில்தான் விளங்கியது.

பொறி ஒன்று இருக்கிறது. வினையும் செயப்படுபொருளும் ஆங்கிலத்தில் ஒட்டிப் பிறந்தவை. நடுவில் எதையும் செருகக் கூடாது. "எனக்குக் கூழ் நல்லாய்ப் பிடிக்கும்" என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினால் "ஐ லைக் வெரி மச் கூழ்" என்று வரும். பிழை. "ஐ லைக் கூழ் வெரி மச்." அதேபோல "ஐ ஸ்பீக் வெல் இங்லிஷ்" இல்லை, "ஐ ஸ்பீக் இங்லிஷ் வெல்."

ஒரு நாளைக்கு பத்து வசனம். உங்கள் வாழ்க்கையிலிருந்து எடுங்கள், புத்தகத்திலிருந்து வேண்டாம். தமிழில் எழுதி, ஒவ்வொரு துண்டுக்கும் கீழே கோடு போட்டு, வாயால் திருப்பிச் சொல்லி, அதன் பிறகு எழுதுங்கள். இரண்டு கிழமை.

3. சொன்னபடி கேளாத வினையடைகள்

எத்தனை தரம் என்பதைச் சொல்லும் சொற்கள், அதாவது ஆல்வேஸ், யூஷுவலி, ஓஃபன், நெவர் போன்றவை, மேலே சொன்ன வித்தைக்கு அடங்காது. இவற்றுக்கு என் அக்காவை வைத்து மூன்று வசனம் பாடமாக்கினேன்:

அக்கா ஆல்வேஸ் கம்ஸ் லேட்.
அக்கா இஸ் ஆல்வேஸ் லேட்.
அக்கா ஹாஸ் ஆல்வேஸ் பீன் லேட்.

சாதாரண வினைக்கு முன்னால். இஸ், ஆம், ஆர், வோஸ், வேர் தனியே வினையாக நின்றால் அதற்குப் பின்னால். துணைவினை இருந்தால் அதற்கும் மற்ற வினைக்கும் நடுவில். "சம்டைம்ஸ்" மட்டும் வசனத் தொடக்கத்திலும் தாராளமாய் வரும். "ஆல்வேஸ்" என்று வசனத்தைத் தொடங்காதீர்கள். "எப்பவும் அவ பிந்தித்தான்" என்ற எங்கள் பேச்சு வழக்கம்தான் அந்தப் பிழையை எழுத வைக்கிறது.

அடுத்தது "லி" என்ற வால். "ஆக", "ஆய்" வருகிற இடமெல்லாம் "லி" போட்டால் சரி என்று நினைத்தேன். பெரும்பாலும் சரி. மாட்டி விடுகிறவை இவை: "ஹார்ட்" என்றால் கடுமையாக, "ஹார்ட்லி" என்றால் அரிதாய், இல்லை என்ற அளவுக்கு. "லேட்" என்றால் பிந்தி, "லேட்லி" என்றால் அண்மைக் காலமாக. "ஃபாஸ்ட்" அப்படியே நிற்கும், வால் இல்லை. "குட்" என்பதன் வினையடை "வெல்". "ஃப்ரெண்ட்லி" வாலோடு பிறந்த பெயரடை, அதை வினையடையாகப் பாவிக்க ஏலாது.

"சரியான" என்ற எங்கள் சொல்லும் ஒரு குழி. சரியான உறைப்பு, சரியான சூடு என்கிறோம். அதை "டூ" என்று மாற்றாதீர்கள். "த கறி இஸ் டூ ஸ்பைசி" என்றால் சாப்பிட ஏலாத உறைப்பு என்று சமைத்தவ முகம் சுருங்கும். "வெரி" போடுங்கள்.

கடைசியாக "தான்". "நான் யாழ்ப்பாணம்தான்" என்பது "ஐ ஆம் ஃப்ரம் ஜஃப்னா ஒன்லி" ஆகாது. ஆங்கிலத்தில் "தான்" என்பதைப் பெரும்பாலும் குரலை அழுத்தித்தான் காட்டுவார்கள், சொல் போடமாட்டார்கள். இந்த "ஒன்லி" என் வாயிலிருந்து போக ஒரு மாதம் எடுத்தது. இன்னும் களைப்பில் வரும்.

4. இன், ஒன், அட்: "இல்" செய்த வேலை

வீட்டில், மேசையில், வாசலில். தமிழில் மூன்றுக்கும் ஒரே "இல்". அதனால்தான் என் கொப்பி முழுக்க "இன்". ரீச்சர் ஒரு தாளில் பெட்டி, கோடு, புள்ளி என்று மூன்று படம் கீறினா. ஒரு இடத்தைச் சொல்லுமுன், அதை மனதில் எப்படிப் பார்க்கிறோம் என்று கேட்கவேண்டும்.

பெட்டி என்றால் "இன்". உள்ளே இருக்கிறோம், சுற்றி எல்லை இருக்கிறது. இன் ஜஃப்னா, இன் த கிச்சின், இன் த வெல்.

கோடு அல்லது மேற்பரப்பு என்றால் "ஒன்". ஒன் த வோல், ஒன் த பீச், ஒன் ஹொஸ்பிட்டல் ரோட். மாடிக்கும் இதுதான். அதில் ஒரு சிக்கல்: பிரித்தானிய வழக்கில் தரையோடு இருப்பது "கிரவுண்ட் ஃப்ளோர்", அதற்கு மேலேதான் "ஃபர்ஸ்ட் ஃப்ளோர்". அமெரிக்கர் தரையையே "ஃபர்ஸ்ட் ஃப்ளோர்" என்பார்கள்.

புள்ளி என்றால் "அட்". வரைபடத்தில் ஊசி குத்திக் காட்டுகிற இடம். அட் த பஸ் ஸ்ராண்ட், அட் த ஜங்ஷன், அட் த கேட். வீதிக்கு "ஒன்", ஆனால் வீட்டு இலக்கம் வந்தால் அது புள்ளியாகிவிடும்: "அட் 45 டெம்பிள் ரோட்."

எங்கள் ஊரில் இதைப் பழக அருமையான வசதி ஒன்று உண்டு, தீவுகள். நாடு என்று நினைத்தால் "இன் ஸ்ரீலங்கா". சின்னத் தீவை நிலத்துண்டாய்ப் பார்ப்பதால் "ஒன் நயினாதீவு", "ஒன் டெல்ஃப்ட்". நெடுந்தீவில் பிறந்த நண்பன் ஒருவன் "ஐ வோஸ் போர்ன் ஒன் டெல்ஃப்ட்" என்று சொல்லிச் சொல்லியே "ஒன்" பழகிவிட்டான். குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கும்போது "அட் த ஜெட்டி". ஏறினதும் "ஒன் த ஃபெரி". சின்ன வள்ளமென்றால் "இன் எ போட்".

வாகனத்துக்கு ஒரு சோதனை: உள்ளே எழும்பி நடக்க ஏலுமா? ஏலுமென்றால் "ஒன்": பஸ், ரயில், விமானம். குனிந்து ஏறி இருந்தபடி போவதென்றால் "இன்": கார், ஓட்டோ. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மேலே ஏறி இருப்பதால் "ஒன்". இந்தச் சோதனை எல்லா இடத்திலும் சரிவரும் என்றில்லை, சோதனை மண்டபத்துக்குக் காணும்.

ஆஸ்பத்திரியில் கவனம். "மை மதர் இஸ் இன் ஹொஸ்பிட்டல்" என்றால் அம்மாவை வார்ட்டில் அனுமதித்திருக்கிறார்கள். அங்கே வேலை செய்கிறா, அல்லது ஆரையோ பார்க்கப் போயிருக்கிறா என்றால் "அட் த ஹொஸ்பிட்டல்". ஒரு சொல்லால் கேட்கிறவரைப் பதறவைக்கலாம்.

ஒன்றுமே போடக் கூடாத இடங்களும் உண்டு. "கோ ஹோம்", "கோ அப்ரோட்", "கம் ஹியர்". இவற்றில் "டு" இல்லை. "வெளிநாட்டுக்குப் போறது" என்பதில் "க்கு" இருப்பதால் "கோ டு அப்ரோட்" என்று எழுதி, வெளிநாடு போகும் சோதனையிலேயே புள்ளி இழக்கிறவர்கள் ஏராளம். "ரீச்", "என்டர்" இரண்டுக்கும் பின்னால் நேரே இடம் வரும். "அரைவ்" மட்டும் வேறு: ஊர், நாடு என்றால் "இன்", நிலையம், கட்டடம் என்றால் "அட்".

இனி, என்னைக் கவிழ்த்த சொல். "பாங்குக்கு முன்னால" என்று நாங்கள் சொல்வது இரண்டு இடமாய் இருக்கலாம். பாங்கின் படிக்கட்டடியில் நின்றால் "இன் ஃப்ரண்ட் ஒஃப் த பாங்க்". வீதிக்கு அப்பால், முகம் பார்த்துக்கொண்டு நின்றால் "ஒப்பசிட் த பாங்க்". "ஒப்பசிட்" என்பதற்குப் பின்னால் "டு", "ஒஃப்" ஒன்றும் வேண்டாம். "மேலே" என்பதும் அப்படித்தான், "ஒன்" தொட்டுக்கொண்டு இருப்பது, "எபவ்" உயரத்தில் இருப்பது, "ஓவர்" நேர் மேலே அல்லது கடந்து போவது.

திசைக்கு: உள்ளே என்றால் "இன்", வெளியே என்றால் "டு". "ஜஃப்னா இஸ் இன் த நோர்த் ஒஃப் ஸ்ரீலங்கா." ஆனால் கிளிநொச்சி குடாநாட்டுக்கு வெளியே இருப்பதால் "டு த சவுத் ஒஃப் த பெனின்சுலா."

5. ஊரை நடந்து பழகுங்கள்

மூன்றாம் கிழமையிலிருந்து கொப்பியை மூடிவிட்டு வெளியே போனேன். பொது நூலகத்தடியில் தொடங்கினேன். மணிக்கூட்டுக் கோபுரம், சுப்பிரமணியம் பூங்கா, துரையப்பா விளையாட்டரங்கு, கோட்டை எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு சந்தியிலும் நின்று, எனக்கு இடப்பக்கம் என்ன, எதிரே என்ன, எதுக்கும் எதுக்கும் நடுவில் என்ன என்று தொலைபேசியில் மெல்லச் சொல்லிப் பதிவுசெய்தேன். காதில் வைத்துக்கொண்டு கதைத்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

பண்ணைப் பாலத்தில் ஒரு பின்னேரம் முழுக்க அசைவுச் சொற்களுக்கே போனது. "எக்ரொஸ் த லகூன்": ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு. "எலோங் த ரோட்": நீளப்பாட்டுக்கு. "த்ரூ த மார்க்கெட்": உள்ளால் புகுந்து மறுபக்கம் வருவது. காற்றில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை, பதிவு உதவவில்லை, ஆனால் இந்த மூன்றும் அதற்குப் பிறகு மாறவே இல்லை.

வழி கேட்கும் வசனத்தில் சொல்லொழுங்குப் பொறி ஒன்று. "வேர் இஸ் த லைப்ரரி?" சரி. மரியாதையாய்க் கேட்கத் தொடங்கினால் ஒழுங்கு மாறும்: "குட் யூ டெல் மீ வேர் த லைப்ரரி இஸ்?" இங்கே "இஸ்" கடைசிக்குப் போகும். வினை கடைசியில் நிற்பது எங்களுக்குப் பழக்கம்தானே, இது ஒன்றாவது லேசு.

துணைக்கு ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் வழி சொல்ல, மற்றவர் பார்க்காமல் வரைபடம் கீறட்டும். பிறகு ஒப்பிடுங்கள். நானும் தங்கச்சியும் கீறிய முதல் படத்தில் நல்லூர்க் கோயில் கடலுக்குள் போயிருந்தது.

6. நேரம், காசு, ஆவணம்

ஒரு நாளைக்கு 25 நிமிடம், எட்டுக் கிழமை. முதல் இரண்டு கிழமை சொல்லொழுங்கு, அடுத்த இரண்டில் நடையும் இன், ஒன், அட்டும், ஐந்தாம் கிழமை வினையடை. மிச்சம் மூன்றும் மாதிரித் தாள்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் இருந்து படிப்பதைவிட, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சொல்வதுதான் வாயில் நிற்கும்.

பயிற்சிக்குக் காசு தேவையில்லை. பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்லிஷ், பிபிசி லேர்னிங் இங்லிஷ் இரண்டும் இணையத்தில் இலவசம். ஐஈஎல்டிஎஸ் மாதிரிக் கேள்விகளும் அதிகாரபூர்வ தளத்தில் இலவசமாய் இருக்கின்றன. காசு போகும் இடம் சோதனைக் கட்டணம். அது மாறிக்கொண்டே இருப்பதால், ஆரோ போன வருடம் கட்டின தொகையை நம்பி வீட்டில் காசு கேட்காதீர்கள். கட்டுகிற நாளன்று பாருங்கள். சோதனை இடம் கொழும்பில் விழுந்தால் இரவு பஸ், தங்குமிடம் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இரவெல்லாம் பஸ்ஸில் இருந்துவிட்டு நேரே மண்டபத்துக்குள் போவது மடத்தனம். நான் செய்தேன்.

பதியுமுன் எந்த வகைச் சோதனை என்று எழுத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். பல்கலைக்கழகப் படிப்புக்கான அகடமிக் வேறு, வேலைக்கும் குடியேறவும் எழுதும் ஜெனரல் ட்ரெய்னிங் வேறு. பிரித்தானிய விசாவுக்கென்று யூகேவிஐ என்ற பதிவு தனியே இருக்கிறது. கலியாணம் கட்டி லண்டன் போகிறவர்கள் முதல் விசாவுக்கு எழுதும் லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 என்ற அடிப்படைச் சோதனை பேச்சும் கேட்டலும் மட்டும்தான். அவர்களுக்கு மேலே நாலாம், ஐந்தாம் படிகளே காணும். பிழையான வகைக்குப் பதிந்தால் பெறுபேறு எவ்வளவு நல்லாய் வந்தும் பயனில்லை.

பாஸ்போட் இல்லாமல் பதிவைத் தொடங்காதீர்கள். பதிவில் கொடுத்த அதே பாஸ்போட்டைத்தான் சோதனைக்கும் கொண்டுபோக வேண்டும், இடையில் புதுப்பித்து இலக்கம் மாறினால் உடனே அறிவியுங்கள். எங்கள் ஆட்களுக்கு உரிய தலையிடி பெயர்: தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு, சான்றிதழ்களில் தலைப்பெழுத்து மட்டும். சோதனைப் பதிவில் பாஸ்போட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, போடுங்கள்.

பெறுபேறு, கணினியில் எழுதினால் சில நாட்களிலேயே வரும். அது இரண்டு வருடத்துக்குச் செல்லுபடியாகும். ஆகவே விண்ணப்ப முடிவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், இன்னொரு தரம் எழுத நேரம் விட்டு.

7. மண்டபத்துக்குள்

அகடமிக் எழுத்தில் முதல் கேள்வி சில வேளை ஒரு ஊரின் பழைய வரைபடமும் புதியதும். 150 சொல், 20 நிமிடம். ஐந்தாம் படியில் நடந்தவருக்கு இது வெல்லம். ஆனால் அங்கேயே இருந்துவிடாதீர்கள், இரண்டாம் கேள்விக்குப் புள்ளி இரட்டிப்பு. அதற்கு 250 சொல், 40 நிமிடம் வேண்டும். முடிவில் இரண்டு நிமிடம் எடுத்து இரண்டே விடயம் பாருங்கள்: வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் ஏதாவது புகுந்திருக்கிறதா, "டு அப்ரோட்" எழுதிவிட்டோமா.

பேச்சு 11 முதல் 14 நிமிடம். இரண்டாம் பகுதியில் தயார்படுத்த ஒரு நிமிடம் தருவார்கள். அந்தத் தாளில் முழு வசனம் எழுத வேண்டாம். எப்படி, எங்கே, எப்போது என்று மூன்று சொல்லை அந்த ஒழுங்கிலேயே கீழே கீழே குறியுங்கள், வசனம் தானாக அதன் வழியே போகும்.

கேட்டல் ஒரே தரம்தான் போடுவார்கள். வரைபடம் வந்தால், குரல் தொடங்குமுன் வடக்கு எது, நீங்கள் நிற்கும் வாசல் எது என்று விரலை வையுங்கள். விரலை எடுக்காமல் குரலோடு நடங்கள். "ஒப்பசிட்" என்று கேட்டால் வீதியைக் கடவுங்கள்.